உங்கப்பா கால்மாட்டுல இருக்கிற நாய்

தம்பி,

ஞாயித்துக்கிழமை நீ போன்ல கத்துனதுக்கெல்லாம் நான் "சரிடா, சரிடா"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். ஒத்துக்கிட்டு சொன்ன சரி இல்ல அது, பேச முடியாம சொன்னது. நான் ஒரு வார்த்தை எடுக்கறதுக்குள்ள நீ நாலு வார்த்தை பேசிடுற, எனக்கு மூச்சு வாங்குது. அதான் ஒக்காந்து எழுதறேன். எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்க. நாள் முழுக்க பிரஷ் பிடிச்ச வெரலு, பேனாவைப் பிடிச்சா மரத்துப் போவுது. உன் சித்தப்பா அனுப்புன போட்டோவைப் பாத்துட்டுத்தான நீ கேட்ட, "எங்கப்பா கல்லறையில நாய் எதுக்கும்மா? கல்லறைத் திருநாளுக்கு என் மாமனார் மாமியாரைக் கூட்டிக்கிட்டு வரேன், அதுக்குள்ள அதைப் பேத்துப் போட்டுடு"ன்னு. சித்தப்பாவும் வூட்டு வாசல்ல வந்து நின்னு, "செத்த பெறகும் எங்க அண்ணனை நாய்ங்கறியா அண்ணி"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. டீ போட்டு வெச்சேன், குடிக்கல. ஆளாளுக்கு என்கிட்ட கோவிச்சுக்கறீங்க, அந்த நாயி எப்படி அங்க வந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல.

நாய் பொம்மை நமக்கு என்ன புதுசா? நான் கல்யாணம் ஆயி விருத்தாசலம் வந்த நாள்லேர்ந்து செராமிக் யூனிட்டுல பெயிண்டிங்தான் பண்றேன். நீ வயித்துல இருக்கறப்போகூட ஒரு கூடை நாயை முன்னால வெச்சுக்கிட்டுத்தான் ஒக்காந்திருந்தேன். கறுப்புல கண்ணு, மூக்கு. காதுக்கு பிரவுனு. கடைசியில கழுத்துப் பட்டைக்கு செவப்பு, அதுல தங்கக் கலர்ல ஒரு புள்ளி, அதுதான் மணி. பட்டை போடறதுக்கு கண்ணைத் தொறந்து பாக்கவே வேணாம். அச்சுலயே கழுத்தைச் சுத்தி மேடா ஒரு வரி இருக்கும், பிரஷை அதுமேல வெச்சு பொம்மையை ஒரு சுத்து சுத்துனா பட்டை ஆயிடும். இடது பக்கம் பாக்கறது ஒண்ணு, வலது பக்கம் பாக்கறது ஒண்ணு, ஜோடியாத்தான் விப்பாங்க. டிவிக்கு ரெண்டு பக்கமும் வெக்கிறதுக்கு எங்கெங்கேர்ந்தோ வந்து வாங்கிட்டுப் போவாங்க. நாய் வித்த காசு கொரைக்காதும்பாங்க. அந்தக் காசுலதான் நீ படிச்ச. ஷோகேஸ்ல இருந்தா அது அழகு, கல்லறையில இருந்தா அசிங்கமான்னு உன்னைக் கேக்கலாம். ஆனா நான் அப்படிக் கேக்க மாட்டேன், ஏன்னா உனக்கு வலிக்கிறது எங்கன்னு எனக்குத் தெரியும். உன் மாமனாரு ஒரு சாக்கு. உனக்கு அந்த செவுருதான் ஞாபகத்துல இருக்குது.

நீ அப்போ ஏழாங்கிளாஸ். யூனிட்டுல ஸ்டிரைக்கு. ஒருத்தரும் உள்ள போவக்கூடாதுன்னு எல்லாரும் கேட்டுக்கு வெளிய ஒக்காந்துட்டோம், நானும்தான் ஒக்காந்திருந்தேன். உங்கப்பா மட்டும் எழுந்து துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, யார் கூப்பிட்டும் திரும்பிப் பாக்காம கேட்டைத் தொறந்துக்கிட்டு உள்ள போனாரு. மறுநாள் மத்தியானம்தான் வெளிய வந்தாரு. அவரு வர்றதுக்குள்ள நம்ம வூட்டு செவுத்துல கரியால ஒரு நாயி வரைஞ்சு வெச்சிருந்தாங்க. ஒக்காந்திருக்கிற நாயி. கழுத்துல பட்டை, பட்டையிலேர்ந்து ஒரு சங்கிலி, சங்கிலியோட அந்த முனையில ஒரு கை, அந்தக் கையில பெரிய மோதிரம். ஒரு எழுத்துகூட எழுதல. எழுத்து எதுக்கு, மொதலாளி வூட்டு நாயின்னு தெருவுக்கே புரிஞ்சுது. ஸ்கூல் விட்டு வந்த நீ புத்தகப் பையைக்கூட கழட்டாம நின்னு பாத்த. அப்புறம் தேங்கா நாரைத் தண்ணியில நனைச்சு தேய் தேய்னு தேச்ச. கரி எங்க போவும்? செவுரு முழுக்க கறுப்பா பரவிடுச்சு, நாயி மட்டும் நடுவுல அப்படியே ஒக்காந்திருந்துச்சு.

உங்கப்பா வந்தாரு. சூளை வெக்கையில மொகம் செவந்து, கண்ணு உள்ள போயி, நடக்கவே தள்ளாடிக்கிட்டு வந்தவரு, செவுத்துக்கு முன்னால நின்னு கொஞ்ச நேரம் பாத்தாரு. "காது நல்லா வந்திருக்குது"ன்னாரு. அவ்வளவுதான், கை கால் கழுவப் போயிட்டாரு. அந்த ஒரு வார்த்தைக்காக நீ இன்னும் அவரை மன்னிக்கல. ஸ்கூல்ல உன்னை நாய் மவனேன்னு கூப்பிட்டாங்க, சட்டையைக் கிழிச்சுக்கிட்டு வந்த, அவரு ஒருத்தர்கிட்டயும் போயி கேக்கல. "ரோஷம் இருக்கிற ஆளா இருந்தா அன்னைக்கே வெட்டியிருப்பாரு"ன்னு நீ பெரியவனான பெறகு என்கிட்ட சொல்லியிருக்க. படிச்சு முடிச்ச கையோட ஓசூருக்கு ஓடுன, வருஷத்துக்கு ரெண்டு வாட்டி வந்தா அதிகம். வந்தாலும் அவருகிட்ட "சாப்டீங்களா"ன்னு கேப்ப, அவரு "ஆச்சு"ன்னுவாரு. அப்பனும் மவனும் இத்தனை வருஷம் பேசுன பேச்சு இதுதான். நடுவுல நான் ரெண்டு பேருக்கும் சோறு போட்டுக்கிட்டு நிப்பேன். நின்னு நின்னு எனக்கும் அலுத்துப் போச்சுப்பா.

அவரு ஏன் உள்ள போனாருன்னு சொல்றேன், நீ ஒருநாளும் கேட்டதில்ல. ஸ்டிரைக்கு சொன்னப்போ சூளை எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு, அதுக்குத் தீ பாக்கறவரு உங்கப்பாதான். பாதி வெந்து கெடக்குது சாமான். அந்த நேரத்துல தீயை அப்படியே அணைய விட்டா அத்தனையும் வெடிச்சு பாளம் பாளமா போயிடும். நமக்கெல்லாம் பீஸ் ரேட்டு. சூளையிலேர்ந்து உருப்படியா வெளிய வந்த சாமானுக்குத்தான் கூலி, ஒடைஞ்சதுக்கு ஒண்ணும் கெடையாது. உள்ள இருந்தது மொதலாளியோட சாமான் மட்டுமா? கேட்டுக்கு வெளிய ஒக்காந்திருந்த அத்தனை பேரோட ஒரு மாச ஒழைப்பும் உள்ளதான் இருந்துச்சு. இவரு போயி தீயைப் பாத்து, மொள்ள எறக்கி, ஆற விட்டுட்டு வந்துட்டாரு. சாமான் எடுத்துக் குடுக்கல, லாரியில ஏத்தல. வந்து சாப்டுட்டு மறுபடியும் போயி கேட்டுக்கு வெளிய எல்லாரோடவும் ஒக்காந்தாரு. பக்கத்துல இருந்தவங்க எழுந்து தள்ளிப் போயி ஒக்காந்தாங்க. ஸ்டிரைக்கு முடிஞ்சப்போ மொத கூலி அந்தச் சூளையில வெந்த சாமானுக்குத்தான் வந்துச்சு. எல்லாரும் வாங்கிக்கிட்டாங்க, நாயின்னு சொன்னவங்களும்தான். "போயி சொல்லுங்களேன், உங்களுக்காகத்தான் போனேன்னு"ன்னு நான் சண்டை போட்டேன். "சாமான் நல்லா வந்துச்சுல்ல, வுடு"ன்னாரு. நான் வுட்டுட்டேன்.

இப்போ ஒண்ணு சொல்லப் போறேன். கோவத்துல போனை எடுத்துடாத, முழுசா படி. அந்தச் செவுத்துல வரைஞ்சது யாருன்னு எங்க ரெண்டு பேருக்கும் அன்னைக்கே தெரியும். காதைப் பாத்தாலே தெரியும். ஒரு காது நிமிந்து, இன்னொண்ணு பாதியில மடிஞ்சு தொங்கும். ஊர்ல அந்தக் காது போடறது ஒரே ஆளு. எங்க யூனிட்டுல பொம்மைக்கு மாடல் பண்ணி அச்செடுத்த கலியபெருமாள் அண்ணன்தான். நீ மாமா மாமான்னு பின்னாலயே சுத்துவியே, வாலு ஒடைஞ்ச நாயி, மூக்கு போன நாயின்னு பொறுக்கி பொறுக்கி உனக்குக் குடுப்பாரே, அவருதான். அப்படி ஒரு காதைக் கோவத்துலகூட அவரால மாத்திப் போட முடியல பாரு. உங்கப்பா "காது நல்லா வந்திருக்குது"ன்னு சொன்னது அதுக்குத்தான். யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவரு பாஷையில சொன்னாரு. உனக்குச் சொல்லல, ஏன்னா உனக்கு அந்த மாமா மேல உசுரு.

அதுக்கப்புறம் எத்தனையோ வருஷம் ரெண்டு பேரும் ஒரே கொட்டகையில வேலை பாத்தாங்க. "அச்சு ஈரம் காயல", "இந்தத் தடவை தீ ஜாஸ்தி", இதான் பேச்சு. சோத்துக்கு ஒக்காந்தா அண்ணன் இவரு மொகத்தைப் பாக்க மாட்டாரு. வயசாயி அவரு சேத்தியாத்தோப்புல பொண்ணு வூட்டோட போயிட்டாரு. உங்கப்பா தவக்காலத்துல தவறிப் போனப்போ நீ அழுதுக்கிட்டே பெட்டியைத் தூக்குன, அதனால கவனிச்சிருக்க மாட்ட. கல்லறை கேட்டுக்கு வெளிய ஒரு பெரியவரு வேப்பமரத்துல சாஞ்சுக்கிட்டு நின்னாரு. உள்ள வரல. மண்ணும் போடல. எல்லாரும் போன பெறகு திரும்பிப் பாத்தேன், ஆளைக் காணோம்.

ஆவணி மாசம் ஒரு நாள் வேலைக்குக் கெளம்பிக்கிட்டிருக்கேன், வாசல்ல நிக்கறாரு. கையில துண்டுல சுத்துன மூட்டை. சேத்தியாத்தோப்புலேர்ந்து பஸ்ஸுல அதை மடியில வெச்சுக்கிட்டே வந்திருக்காரு. மூட்டையில என்னன்னு கண்டக்டர் கேட்டிருக்கான், நாயின்னு இவரு சொல்ல, "அப்போ அதுக்கும் டிக்கெட்டு எடு பெரியவரே"ன்னானாம். அதைச் சொல்லிச் சிரிக்கப் பாத்தாரு, சிரிப்பு வரல. மூட்டையைப் பிரிச்சா வெள்ளை வெளேர்னு ஒரு நாயி, முழங்கை ஒசரம். பெயிண்ட் எதுவும் அடிக்கல. அவரோட பழைய அச்சுலயே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல தெரிஞ்ச யூனிட்டுல களிமண் கூழை ஊத்தி, அவரே ஃபினிஷிங் பண்ணி, சுட்டு எடுத்துக்கிட்டுப் போயி, கொண்டாந்து குடுக்க தைரியம் இல்லாம பொண்ணு வூட்டுல கட்டிலுக்கு அடியில வெச்சிருந்திருக்காரு.

"வெக்கலாமா தங்கச்சி?"ன்னாரு.

"எங்க?"ன்னேன், தெரிஞ்சுக்கிட்டே.

"அவரு கால்மாட்டுல. நீ வேணாம்னா தூக்கிக்கிட்டுப் போயிடறேன். பஸ்ஸு இருக்குது."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு தம்பி. "செவுத்துல வரைஞ்சது பத்தலியாண்ணே? எம்மவன் இன்னைக்கு வரைக்கும் ஊருக்கு ஒழுங்கா வர்றதில்ல"ன்னு கேட்டுட்டேன். அவரு நின்ன எடத்துலயே ஒக்காந்துட்டாரு. மூட்டை சுத்துன துண்டை மடிச்சுக்கிட்டே சொன்னாரு. "நான் பழமலைநாதர் கோயிலுக்குப் போறவன் தங்கச்சி. தேய்பிறை அஷ்டமின்னா வைரவருக்கு வெளக்கு போடாம இருக்க மாட்டேன். சிவன் கோயில்ல நடை சாத்துனா சாவியை வைரவர் முன்னால வெச்சுட்டுப் போறது வழக்கம், அத்தனை சொத்துக்கும் அவருதான் காவலு. அவரு பக்கத்துலயே நாயி நிக்குது. கும்பிட்டுட்டு வெளிய வரேன், தெருவுல ஒரு நாயி குறுக்க வந்தா கல்லை எடுக்கறேன். அந்த ஆளு எங்க எல்லாரோட ஒழைப்பையும் காவல் காத்துட்டு வந்தாரு. நான் கரியை எடுத்தேன். அந்தச் சூளையில என் நாயிங்கதான் அதிகம் வெந்துச்சு. கூலியை வாங்கிச் சாப்ட்டேன். அவரு இருக்கறப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், வாய் வரல." அவரு அழுவல. அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

வைன்னும் சொல்ல முடியல, எடுத்துக்கிட்டுப் போன்னும் சொல்ல முடியல. பங்குச் சாமியாரைக் கேட்டுட்டு சொல்றேன்னு நாயை வாங்கி வெச்சுக்கிட்டேன். சாமியாரு சிரிச்சாரு. மேல சிலுவை இருக்கறப்போ கீழ நாயி ஒக்காந்தா என்ன, வெளிநாட்டுல பழைய கோயில்கள்ல ராஜா ராணி கல்லறை மேலயே கால்மாட்டுல நாயைச் செதுக்கி வெச்சிருக்காங்க, விசுவாசத்துக்கு அடையாளம்னாரு. நம்ம கோயில்லயே பீடத்துக்குப் பக்கத்துல அந்தப் படம் இருக்குதே, றெக்கை வெச்ச சம்மனசு கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பையன் தூரதேசம் போவான், பின்னால ஒரு குட்டி நாயி ஓடும், அதையும் காட்டினாரு. சின்னப் புள்ளையில பூசை நேரத்துல நீ அந்த நாயையே பாத்துக்கிட்டிருப்ப. "இது எதுக்கும்மா கூடப் போவுது, சம்மனசுதான் இருக்குதே"ன்னு கேட்ட. பேசாம பூசையைப் பாருன்னு தொடையில கிள்ளுனேன். இப்போ நீ ஓசூருக்குப் போன பெறகு அந்தப் படத்தைப் பாக்கறப்போல்லாம் நான் அந்த நாயைத்தான் பாக்கறேன். வூட்டுலேர்ந்து அவன்கூடப் போனது அது ஒண்ணுதான்.

ஆனா சாமியாரு சொன்ன விசுவாசம்ங்கற வார்த்தை எனக்கு ஒட்டல. செவுத்துல வரைஞ்சதும் அதே அர்த்தத்துலதான, மொதலாளிக்கு விசுவாசமான நாயின்னு. ராஜா கால்மாட்டுல இருந்தா பெருமை, உங்கப்பனுக்கு வரைஞ்சா கேவலம். ரெண்டு நாயும் யாருக்கோ சொந்தமான நாயிதான். உங்கப்பா யாருக்கும் சொந்தமா இருந்த ஆளு இல்ல, எனக்கே முழுசா சொந்தமா இருந்தாரான்னு சந்தேகம். அவரைப் போயி நன்றியுள்ள பிராணின்னு கால்மாட்டுல எழுதி வெக்கிறதுக்கு நான் எப்படி ஒத்துக்குவேன்? எடுத்துக்கிட்டுப் போங்கன்னு அண்ணனுக்கு சொல்லி அனுப்பிடலாம்னு முடிவே பண்ணிட்டேன். அதுக்கு முன்னாடி கண்ணையாவது வெச்சுக் குடுப்போம், குருட்டு நாயா திருப்பி அனுப்புனா நல்லா இருக்காதுன்னு பெயிண்ட் டப்பாவைத் தொறந்தேன்.

கண்ணு வெச்சேன், மூக்கு வெச்சேன். காதுக்கு பிரவுனு போட்டேன், நிமிந்த காதுக்கும் மடிஞ்ச காதுக்கும். அப்புறம் பழக்க தோஷம், பிரஷைச் செவப்புல தோச்சு, பாக்காமலே கழுத்துல வெச்சு பொம்மையைச் சுத்தினேன். பிரஷ் வழுக்கிக்கிட்டு நெஞ்சு மேல ஓடிப் போச்சு. என்னடான்னு பாத்தா மேட்டைக் காணோம். வெரலால தடவினேன், கழுத்தைச் சுத்தி வழுவழுன்னு இருக்குது. தம்பி, அந்த அச்சுல பட்டை இல்லாம ஒரு நாயி வரவே வராது. சுட்ட பெறகு அதைத் தேச்சு எடுக்கவும் முடியாது, ஒடைஞ்சிடும். ஊத்தி எடுத்த கையோட, பச்சையா இருக்கறப்பவே, மொள்ள மொள்ள சீவி, ஸ்பாஞ்சால தொடைச்சுத் தொடைச்சு எடுத்திருக்கணும். கை கொஞ்சம் அழுந்துனா தலை தனியா வந்துடும். கை நடுங்கற வயசுல அந்த மனுஷன் ஒக்காந்து அதைப் பண்ணியிருக்காரு. என்கிட்ட அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. செவுத்துல தான் போட்ட பட்டையைத் தானே கழட்டிட்டு, பேசாம மூட்டை கட்டிக்கிட்டு வந்துட்டாரு. இத்தனை நாளா அடக்கி வெச்சிருந்தேன், அன்னைக்குத்தான் உங்கப்பாவுக்காக வாய்விட்டு அழுதேன். மறுநாளே கொத்தனாரைக் கூட்டிக்கிட்டுப் போயி சிமெண்ட் வெச்சு ஒக்கார வெச்சுட்டேன்.

உன் மாமனாரு பெரிய மனுஷரு, அவங்க ஊர்க் கோயில் கமிட்டியில இருக்கிறவரு. நாலு பேரு முன்னால உனக்குக் கூச்சமா இருக்கும், எனக்குப் புரியுது. அவங்க கேட்டா, எங்கப்பா சூளை காத்தவரு, அதுக்குத்தான்னு சொல்லு, அதுல பொய் ஒண்ணும் இல்ல. அதுக்கு மேல சொல்ல உனக்கு மனசு இல்லன்னா சொல்ல வேணாம். உன்கிட்ட சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல. நாயைப் பேக்கறதும் வெக்கிறதும் உன் இஷ்டம், நீதான் அவருக்கு ஒரே புள்ளை. ஒண்ணு மட்டும் கேக்கறேன். கலியபெருமாள் அண்ணன் அன்னைக்கு மெழுகுவர்த்தி ஏத்த வரேன்னு சொல்லியிருக்காரு, வந்தா இந்தத் தடவை கேட்டுக்கு வெளிய நிக்க வெக்காத.

ஜங்ஷன்ல எறங்குனதும் உன் மாமனார் மாமியாரை ஒரு ஆட்டோ பிடிச்சு வூட்டுக்கு அனுப்பிடு, நான் பாத்துக்கறேன். நீ மட்டும் நேரா கல்லறைக்குப் போ. நெஞ்சு மேல செவப்பா ஒரு கோடு இருக்கும், ரத்தம்னு நெனச்சிடாத, என் பிரஷ் ஓடுன கறை, தொடைச்சும் முழுசா போவல. நீ குனிஞ்சு அது கழுத்தைச் சுத்தி ஒரு தடவை தடவிப் பாரு. வெரலுக்குப் பட்டை தட்டுப்பட்டா அங்கயே பேத்து எறிஞ்சிடு. தட்டுப்படலன்னா வூட்டுக்கு வா, சாப்பிடலாம்.

அம்மா